கருவி யாருக்கு?
திருகோணமலைத் தமிழ் வகுப்பறையிலிருந்து ஒரு நோக்கு

கல்விக்குப் புதிய கருவியொன்று வந்து சேரும் ஒவ்வொரு காலத்திலும் இருவகைக் குரல்கள் எழுவதைக் காண்கிறோம். ‘கருவி வந்துவிட்டது, இனி அறியாமை அகலும்’ என்பது ஒன்று. ‘கருவி வந்துவிட்டது, இனிக் கல்வி அழியும்’ என்பது மற்றொன்று. ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும் இவ்விரு குரல்களும் செய்யும் தவறு ஒன்றே. கருவியை அது இயங்கும் சமுதாயத்திலிருந்து பிரித்தெடுத்து, ஒரு சாரார் அதைத் தெய்வமாக்குகின்றனர், மறுசாரார் பேயாக்குகின்றனர். இணையமும் கைத்தொலைபேசியும் ‘திறன் வகுப்பறை’யும் எமது பாடசாலைகளிலே இன்று பேசப்படும் விதம் இதற்கு விலக்கன்று.

கருவி நல்லதா தீயதா என்பதன்று கேள்வி. அது யாருடைய செலவில், யாருடைய கைக்கு, எந்த நோக்கத்துக்காக வருகிறது என்பதே கேள்வி. இக்கேள்வியை எழுப்பாது செய்யப்படும் எந்த விமர்சனமும் விற்பனை விளம்பரமாகவோ வெறும் புலம்பலாகவோ முடிவது தவிர்க்க முடியாதது.

வரலாறு எமக்கு இதனை முன்னரே கற்பித்திருக்கிறது. ஏட்டுச் சுவடி சில குடும்பங்களின் பெட்டிக்குள் இருந்தவரை கல்வியும் அப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலையும் அடுத்த ஆண்டிலே அச்சுக்கூடமும் நிறுவியபோது தமிழ்க் கல்வியின் வரலாற்றில் ஒரு புதிய கட்டம் தொடங்கியது என்பதில் ஐயமில்லை. நூல் பெருகிற்று, விலை குறைந்தது, வாசிப்போர் தொகை வளர்ந்தது. ஆயினும் அச்சுப் புத்தகம் பெருகிய பின்னரும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. 1920களின் இறுதியில், எல்லாப் பிள்ளைகளும் வகுப்பிலே சமமாக அமர வேண்டும் என்ற ஆணை வந்தபோது யாழ்ப்பாணத்துச் சாதிமான்கள் அதனை எதிர்த்து நின்றதை நாம் மறந்துவிடலாகாது. கதவைத் திறந்தது அச்சியந்திரமன்று. அதற்காகப் போராடிய மக்களும், அப்போராட்டத்தின் அழுத்தத்தால் மாறிய சட்டங்களுமே. கருவி வாய்ப்பைத் தரும். அவ்வாய்ப்பை உரிமையாக்குவது சமுதாய இயக்கம்.

அவ்வுரிமையின் சிகரமாக இந்நாட்டில் அமைந்தது இலவசக் கல்வி. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த அத்திட்டமும், 1980 முதல் வழங்கப்பட்டு வரும் இலவசப் பாடநூல்களும் இல்லையேல், இக்கட்டுரையை எழுதுவோரும் வாசிப்போரும் எத்தனை பேர் எழுத்தறிந்திருப்போம் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஆகவே இலவசக் கல்வி என்னும் உரைகல்லிலேயே இணையக் கருவிகளையும் உரைத்துப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. வட்ஸ்அப்பிலே பாடக் குறிப்பும் சூமிலே வகுப்பும் நடந்தன. அக்காலத்தில் இந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடங்கூடக் கணினி இருக்கவில்லை. மலைநாட்டுக் கிராமங்களிலே பிள்ளைகள் அலைவரிசை தேடிப் பாறைமேல் ஏறிய படங்களை உலகமே கண்டது. எமது மாவட்டத்திலோ பாறையில்லாத இடத்திலும் நிலைமை வேறன்று. தந்தை கடலுக்குப் போகும்போது வீட்டிலுள்ள ஒரேயொரு தொலைபேசியும் அவருடன் போய்விடும். மூன்று பிள்ளைகளுள் எவருடைய வகுப்புக்கு டேட்டா வாங்குவது என்று தாய் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் பரீட்சை எழுதவிருக்கும் மூத்த பிள்ளைக்கே அது கிடைக்கும். பாடசாலைக் கட்டணம் 1945 இல் முன்வாசல் வழியே வெளியேற்றப்பட்டது. அதுவே டேட்டா அட்டையின் உருவிலே பின்வாசல் வழியே மீண்டும் உள்ளே வந்தது என்று கூறின் அது மிகையாகாது.

ஆசிரியரின் நிலையும் கருதத்தக்கது. தமது கருவியையும் தமது பணத்தையும் தமது இரவுகளையும் செலவிட்டே அவர்கள் கற்பித்தனர். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அப்போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. இணையக் கல்வி தானாக இயங்கும் இயந்திரமன்று, அது ஆசிரியரின் உழைப்பிலே ஓடுவது என்னும் உண்மை அன்று நாட்டுக்குத் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடி மேலுமொரு பாடம் புகட்டியது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்திலே கடதாசியில்லாமையால் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும் வந்தது. கடதாசிக்குப் பதில் திரை என்றவர்களின் வாதம் மின்சாரத்தோடு சேர்ந்து அணைந்தது.

இவ்வளவுக்கும் மேலாக எமது மாவட்டத்தின் நெஞ்சிலே ஆறாத வடுவொன்றுண்டு. மூடப்பட்ட பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்ட 2021 நவம்பரில், 23 ஆம் திகதி காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே பாலம் கட்டி முடியாத நீர்ப்பரப்பைக் கடக்கச் சென்ற மிதவைப்படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார்களும் மாண்டனர். எண்ணிமக் கல்வியைப் பற்றிய எந்தப் பேச்சும் அந்த நீரைத் தாண்டியே எம்மிடம் வர வேண்டும். பிள்ளை பாதுகாப்பாகப் பள்ளிக்கு வந்து சேரும் பாலத்துக்குப் பதிலாக எந்த இணையப் பாலமும் அமையாது.

இனி, கருவி கிடைத்த இடத்திலே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கல்வியமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்திலே பாடநூல்களும் கடந்தகால வினாத்தாள்களும் காணொளிப் பாடங்களும் மும்மொழிகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வெருகலிலோ குச்சவெளியிலோ உள்ள மாணவர், நகரத்து ரியூட்டரிக்குப் பணம் கட்ட இயலாதவர், ஒரு வினாத்தாளைத் தாமே பெற்றுக்கொள்ள முடிவது சிறிய நன்மையன்று. விஞ்ஞான ஆய்வுகூடமில்லாத பாடசாலையிலே ஓர் இரசாயனச் சோதனையைத் திரையிலாவது காட்ட முடிவதும் அவ்வாறே. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் தமிழ்ப் பாடத்தைப் பொறுத்தவரை நிகழ்வது வேறு. யூடியூப்பிலே ஆசிரியர் செய்யுளுக்குப் பொருள் சொல்கிறார். அணியின் பெயர் சொல்கிறார். பரீட்சையில் வரக்கூடிய வினாவையும் அதற்குரிய விடையையும் சொல்கிறார். மாணவர் எழுதிக்கொள்கிறார். கரும்பலகைக் காலத்திலும் இதுவே நடந்தது. அன்று நாற்பது பேருக்குச் சொல்லப்பட்ட குறிப்பு இன்று நாற்பதாயிரம் பேருக்குச் சொல்லப்படுகிறது என்பதே வேறுபாடு. மூலத்தை வாசிக்காத கல்வி, எத்துணை விரைவாகப் பரவினும், மூலத்தை வாசிக்காத கல்வியே. தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். 1895 இல் அவர் வெளியிட்ட ‘மோகனாங்கி’ தமிழின் முதலாவது வரலாற்று நாவல் எனக் கொள்ளப்படுவது. திருகோணமலை மாணவருக்கோ அது ஒரு புள்ளிக்குரிய விடையாக மட்டுமே தெரியும். தாம் நடக்கும் தெருக்களிலே நடந்த ஒருவர் எழுதிய நாவலின் ஒரு பக்கத்தையேனும் அவர்கள் கண்டதில்லை.

இங்கேதான் மற்றொரு வகை இணையக் கருவியின் முக்கியத்துவத்தை நாம் உணர்கிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன் பின்னரான போரும் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் வீடுகளிலிருந்த நூல்களையும் ஏடுகளையும் கொண்டுபோயின. இவ்விழப்பின் பின்னணியிலே 2005 இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறு மலர்களையும் பல்லாயிரக்கணக்கில் படியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழந்தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இத்தகைய பணியையே செய்தது. இவை குறிப்புத் தருவன அல்ல, மூலத்தைத் தருவன. அச்சியந்திரம் சுவடிப் பெட்டியைத் திறந்ததற்கு அடுத்த படி இதுவே.

மூலம் கையில் வந்தால் வகுப்பறையிலே என்ன மாறும்? எமது சூழலுக்குரிய ஓர் உதாரணத்தைக் கூறுவோம். கவிராச வரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் ‘கோணேசர் கல்வெட்டு’ இத்தகைய இணைய வாசிப்புக்கு ஏற்ற ஒரு நூல். குளக்கோட்டன் கோணேசர் கோயிற் பணிக்கெனக் குடிகளைக் கொணர்ந்து அமர்த்தி, ஒவ்வொரு சாராருக்கும் இன்ன தொழில் என்று வகுத்ததை அது கூறுகிறது. இதனைப் பக்திப் பனுவலாக மட்டும் பொருள்சொல்லிக் கடந்துவிடலாம். அல்லது, மாணவரை ஐந்தைந்து பேராக ஒரு திரையின் முன் அமர்த்தி, ‘இந்நூலிலே உழைப்பவர் யார்? உழைப்பின் பயனைப் பெறுபவர் யார்? கடமை யாருக்கு, உரிமை யாருக்கு?’ என்று கேட்கலாம். எமது வகுப்பிலே இவ்வாறு கேட்டபோது, செய்யுளென்றாலே சோர்ந்துவிடும் மாணவர் தொழிற்பெயர்களைப் பட்டியலிட்டுத் தமக்குள் வாதிடத் தொடங்கியதைக் கண்டோம். தம்பலகாமத்து வயலும் கந்தளாய்க் குளமும் அவர்களுக்குப் பழக்கமானவை. இணையப் படத்திலே அவர்கள் குளத்திலிருந்து வயல்வரை விரலால் கோடிழுத்தனர்.

அக்குளத்தைப் பற்றியே இன்னொரு கேள்வியும் எழுகிறது. தமிழ் மரபு கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டனுடன் இணைக்கிறது. சிங்கள வரலாற்று மரபு அதனை அநுராதபுர மன்னருடன் இணைக்கிறது. வாய்மொழிக் கதையோ பூதங்கள் கட்டின என்கிறது. மன்னர் பெயரில் மாறுபடும் மரபுகள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றன. மண் சுமந்த மனிதரின் பெயரை எதுவும் சொல்லவில்லை. மூவினத்தாரும் வாழும் இம்மாவட்டத்திலே வரலாறு என்பது ஏட்டுச் சுரைக்காயன்று. யாருக்கு இந்நிலம் உரியது என்னும் சச்சரவின் படைக்கலமாக அது பயன்படுகிறது. இணையத்திலே ஒவ்வொரு சாராரின் வீரக்கதையும், சான்றின்றி, இசையும் முழக்கமும் சேர்த்துப் பரப்பப்படுகிறது. எமது மாணவர் அதனை நாள்தோறும் பார்க்கின்றனர். அதே கருவியைக்கொண்டு சான்றுகளை ஒப்பிட்டு நோக்கப் பழகாவிடின், அவர்கள் வெறுப்பு வணிகரின் வாடிக்கையாளராகவே வளர்வர். இதுவே இவ்விடயத்தில் எமக்குள்ள முதன்மையான கவலை.

பிரெட்றிக் கோட்டையின் வாயிலிலே சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டிய வரலாற்றின் எச்சம் அது. அதன் வரிகளை அறிஞர் பலவாறு படித்திருக்கின்றனர். கோயிலுக்குச் செல்லும் மாணவர் அதனைக் கைத்தொலைபேசியிலே படமெடுத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, நூல்களிலுள்ள பாடங்களோடு ஒப்பிட்டால், ‘பாடவேறுபாடு’ என்ற சொல்லை மனனம் செய்ய வேண்டிய தேவை இராது. எங்கே கல் முடிந்து ஊகம் தொடங்குகிறது என்பதை அவர்கள் கண்ணாலே காண்பர். அவ்வாறே துறைமுகத்து மீனவரின் வலைப்பெயர், காற்றுப்பெயர், மீன்பெயர்களை ஒலிப்பதிவு செய்து தொகுக்கலாம். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியா போன்ற பொதுத் தளங்களில், உரிய சான்றுகளுடன் தமது ஊரைப் பற்றி எழுதலாம். அப்போது மாணவர் நுகர்வோராக நில்லாது ஆக்குவோராகின்றனர்.

செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதித் தரும் இக்காலத்திலே இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. கேட்டவுடன் விடை தரும் அவ்வியந்திரம் இல்லாத செய்யுளையும் இருப்பதாகக் கூறவல்லது. மூலத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கமுள்ள மாணவர் அதனை வேலைவாங்குவர். பழக்கமில்லாதவரை அது ஏமாற்றும்.

‘பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பரீட்சை இருக்கிறது, இதற்கெல்லாம் நேரமேது?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஆயினும் ஒரு தவணைக்கு ஒரு மூலநூல் என்ற அளவிலே தொடங்குவது இயலாததன்று. இணைப்பில்லாத பாடசாலைக்கு, நகரிலே பதிவிறக்கிய பக்கங்களைப் பென்ட்ரைவிலோ அச்சுப்படியாகவோ கொண்டுசெல்லலாம். ஐவருக்கு ஒரு திரை போதும். சொல்லப்போனால், தனித்தனித் திரையைவிட அதுவே விவாதத்துக்கு உகந்தது.

ஆனால் ஆசிரியரின் தியாகத்தை அரசின் கடமைக்கு ஈடாக வைத்துவிடக் கூடாது. கல்வித் தளங்களுக்கான இணைப்பைப் பாடநூலைப் போன்றே இலவசமாக்குதல், கருவியை முதலில் கடைக்கோடிப் பாடசாலைக்கு வழங்குதல், ஆசிரியரின் இணைய உழைப்பை வேலை நேரமாகக் கணித்தல், எண்ணிம நூலகங்களைப் பொதுச் சொத்தாக மதித்து ஆதரித்தல் ஆகியவற்றை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. 1945 இல் ஏற்கப்பட்ட கொள்கையின் இன்றைய பொருளாகவே கேட்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, திரையைக் கண்டு வியக்கவும் வேண்டாம், வெருளவும் வேண்டாம். அதில் தோன்றுவது குறிப்பா மூலமா என்று பாருங்கள். அது கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் கைக்கும் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லையெனில், எட்டும்வரை கேட்பதும் எமது பாடத்தின் ஒரு பகுதியே.