காய்ச்சாத பறை

மதுரையில் ஓர் அரங்கம். ஏ.சி. ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் பத்துப் பேர் பறையோடு வந்து நின்றார்கள். கறுப்புச் சட்டை, தலையில் துண்டு, காலில் சலங்கை. ஏழே நிமிடம். சுழன்று, குதித்து, உட்கார்ந்து, எழுந்து அடித்து முடித்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கை தட்டியது. நானும்தான். 'நம் மண்ணின் கலை... இதைக் காப்பது நம் கடமை' என்று தொகுப்பாளினி தழுதழுத்தார். ஆளுக்கொரு சால்வை, போட்டோ, அடுத்தது கரகம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

'என்ன பெரியப்பா, பிடிக்கலையா?'

'பயலுக நல்லாத்தான் அடிக்கிறாய்ங்க. ஆனா பறை பேசலையேடா. தோல் தொஞ்சு போய்க் கெடக்கு. நனைஞ்ச சாக்குல அடிச்ச மாதிரி இருக்கு. ஒனக்குக் கேக்கலை?'

கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கேட்டுக்கொண்டு இல்லை.

பெரியப்பா மேலூர்ப் பக்கத்துக்காரர். திருவிழா எங்கே என்று விசாரித்து சைக்கிளில் போய் விடிய விடிய உட்கார்ந்து வருகிற கட்சி. சங்கீதம் படித்தவர் இல்லை. ஆனால், நையாண்டி மேளம் ஆரம்பித்தால் போதும்... இரண்டு நாயனத்தில் எது பிடித்துக்கொடுக்கிறது, எது பின்னால் ஓடுகிறது, தவில் எங்கே அவசரப்படுகிறது, தமுக்கு எங்கே தூங்குகிறது என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வார். 'கரகத்தை ஆட்டுறது பொம்பளைப் பிள்ளை இல்லடா, பம்பைக்காரன்' என்பது அவருடைய கட்சி. அன்றைக்கும் அதையே சொன்னார். அந்தப் பெண் தலையில் செம்பு அசையாமல் ஏணியில் ஏறி இறங்கியபோது அரங்கம் விசிலடித்தது. 'ஏணியில எவளும் ஏறுவா. தரையில நின்னு பம்பைக்குப் பதில் சொல்லச் சொல்லு. காலு பேசுதா பார்ப்போம்.'

எனக்கு உறைத்தது இதுதான். மார்கழியில் சென்னை சபாக்களில் ஒரு பாடகர் நிரவலில் கொஞ்சம் சறுக்கினால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். சுப்புடு எழுதுகிறார் என்றால் வித்வான்களுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும் என்பார்கள். திட்டுகள்தான், சில சமயம் அநியாயத் திட்டுகள். ஆனால், திட்டுவதற்கு முன் அந்த மனுஷர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பறைக்கும் பம்பைக்கும் அப்படி ஒரு சுப்புடு ஏன் வரவில்லை? கரகாட்டக்காரரைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் இரண்டே ரகம். ஒன்று, அழிந்துவரும் கலை. இன்னொன்று, வறுமையில் வாடும் கலைஞர். கலை எப்படி இருந்தது என்று மட்டும் எழுதமாட்டோம்.

பறவை முனியம்மா 2020-ல் காலமானபோது வந்த அஞ்சலிகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 2003-ல் 'தூள்' படத்தில் பாடிய அந்த ஒரு பாட்டு, அப்புறம் கடைசிக்காலத்துக் கஷ்டம். தெம்மாங்கில் அந்தக் குரல் என்ன செய்தது என்று யாராவது எழுதினார்களா? அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறைக்கு அந்த மரியாதை! எனக்கும் பெருமைதான். ஆனால், அவருடைய அடிக்கும் இன்னொரு ஊர் அடிக்கும் என்ன வித்தியாசம் என்று, நான் படித்தவரை, எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரிகூட இல்லை.

இதை இப்படியே விட்டால் 'அந்தக் காலத்துல...' என்று புலம்புகிற கிழவனாகிவிடுவேன். அந்தக் காலம் அப்படியொன்றும் யோக்கியம் இல்லை. ஊர்க்காரர்களுக்குக் காது இருந்தது, சரி. யாருடைய காது? சாவுக்கும் சாமிக்கும் வந்து அடி, தள்ளி நின்று வாங்கிக்கொண்டு போ என்றவர்களின் காதுதான் அது. 'சரியா அடிடா' என்று சொன்னதில் ரசனையும் இருந்தது, சாதித் திமிரும் இருந்தது. இரண்டையும் அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது. இதே மதுரையில், அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டுகளை எடுத்து விடுதலைப் பாட்டாக மாற்றினார். 1990-களில் தலித் கலை விழாக்கள் நடந்தன. இழிவு என்று சொல்லப்பட்ட தப்பு, தலைநிமிர்ந்த பறையாகி மேடை ஏறியது. இன்று காலேஜ் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பறை பழகுகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

மரியாதை வந்தது. அதோடு கேட்கிற காதும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குறை சொன்னால் எங்கே பழைய திமிர் மாதிரி ஆகிவிடுமோ என்ற கூச்சத்தில் நாம் எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று கை தட்டப் பழகிக்கொண்டோம். நன்றாக அடித்தவருக்கும் கைதட்டல், சும்மா குதித்தவருக்கும் அதே கைதட்டல், அதே சால்வை. நல்ல பம்பைக்காரர் பிறகு எதற்குத்தான் சாதகம் பண்ணுவார்?

'கிராமியக் கலை' என்று ஒரே லேபிள் ஒட்டி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்ததும் நாம்தான். ஒயிலாட்டம் வேறு சமாசாரம். மெதுவாகத் தொடங்கி, பாட்டின் கதை ஏற ஏற வேகம் ஏறும். அதை ஐந்து நிமிடத்துக்குள் அடக்கினால் கைக்குட்டை வீசுகிற டிரில்தான் மிஞ்சும். மதுரைச் சீமையின் ஸ்பெஷல் நாடகம் இன்னும் விசித்திரம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார். அவருடைய 'வள்ளி திருமணம்' இன்னும் கண்மாய்க்கரைப் பொட்டலில் நடந்துகொண்டிருக்கிறது. முருகன் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், நாரதர் வேறோர் ஊர். தனித்தனியாக புக் பண்ணி வருகிறார்கள். ஒத்திகையே கிடையாது! பாடம் எல்லோருக்கும் பொது. அந்தத் தைரியத்தில் நாரதரும் வள்ளியும் மேடையிலேயே தர்க்கத்தில் மோதிக்கொள்வார்கள். யார் எப்போது எந்தச் சுருதிக்குத் தாவுவார்கள் என்று ஆர்மோனியக்காரர் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன பங்குனியில் ஒன்று பார்த்தேன். பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் நடுராத்திரியைத் தாண்டியும் மேடையை விடவில்லை. பாதி ரெட்டை அர்த்தம், மீதி ஒரே அர்த்தம். சினிமா மெட்டு போடுவதைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் கால நாடக மேடையே பார்சி மெட்டுகளை வாங்கிப் போட்டுக்கொண்டதுதான். என் வருத்தம் வேறு. தர்க்கத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது. வள்ளியாக வந்தவர் நல்ல பாட்டுக்காரி. கையில் சரக்கு இருந்தது, இறக்கி வைக்க விடவில்லை. நாரதர் நாலு கேள்வியோடு சுருட்டிக்கொண்டார். முருகன் வந்தபோது மணி நாலரை, முன்வரிசையில் நானும் இரண்டு நாய்களும்.

இதை யார் கேட்பது? ஆபாசம் என்றால் கோர்ட் கேட்கிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு மதுரைக் கிளை நிபந்தனை போடுகிறது. போலீஸ் வந்து மணி பார்க்கிறது. 'தர்க்கத்தை ஏன்யா வெட்டினே?' என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. அதை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவன்தான் கேட்க வேண்டும்.

அரங்கத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் வெளியே டீக்கடையில் அந்தப் பறைக் குழுப் பையன்கள் நின்றிருந்தார்கள், சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. பெரியப்பா நேரே போய்விட்டார். எனக்கு உதறல். இந்த மனுஷன் எதையாவது சொல்லி, அவர்கள் எப்படியாவது எடுத்துக்கொண்டால்?

'தம்பி, யாருப்பா வாத்தியார்?'

இருபத்தைந்து வயது இருக்கும். 'நான்தாங்கய்யா' என்றான்.

'கோவிச்சுக்காதப்பா. அடி சுத்தமா இருந்துச்சு. பறை ஏன் அப்படி மந்தமாக் கெடந்துச்சு?'

அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

'உங்களுக்குக் கேட்டுச்சாய்யா? காய்ச்ச விடலைங்கய்யா. உள்ள நெருப்பே வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. வாசல்ல வச்சுக் காய்ச்சிக்கிறோம்னு கேட்டோம், அதுவும் கூடாதுன்னாங்க. ஏ.சி.யில ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தோமா... தோல் போயிருச்சு. ஃபைபர் போட்டுக்கங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு வரலை.'

'வரப்படாது' என்றார் பெரியப்பா.

டீக்கடைக்குப் பின்னால் ஒரு காலி இடம். எவனோ ஒரு பையன் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டான், இன்னொருவன் காய்ந்த ஓலை பொறுக்கி வந்தான். தீ பிடித்தது. பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார்கள். பெரியப்பா தலையைச் சாய்த்துக் காது கொடுத்து, 'இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்...' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிம்புக்குச்சி முதல் தடவை விழுந்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.