இரண்டு பூஜ்ஜியங்களில் தொடங்கும் ஆட்டம்

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் பலரும் முதலில் செய்துபார்க்கும் இருவர் ஆட்டம் பாங். திரையின் இரு ஓரங்களிலும் ஆளுக்கொரு மட்டை, நடுவே ஒரு பந்து, மேலே இரண்டு எண்கள். பந்து துள்ளுவதிலும் மட்டையில் பட்டுத் திரும்புவதிலும்தான் எல்லோருக்கும் ஆசை. எனக்கு அந்த இரண்டு எண்கள்மேல்தான் கண். எழுதியவரின் கைநேர்த்தியை ஸ்கோர் வைக்கும் அந்த ஏழெட்டு வரிகளே சொல்லிவிடும்.

ஸ்கோர் இல்லாமலும் ஆடியிருக்கிறார்கள். 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். ஆய்வகத்தைப் பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். திரையில் புள்ளிக் கணக்கு கிடையாது. ரால்ஃப் பேரின் உழைப்பில் உருவாகி 1972இல் விற்பனைக்கு வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற வீட்டு வீடியோ கேம் கருவியிலும் கிடையாது. யார் எத்தனை என்பதை ஆடுகிறவர்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் பாங் வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல், புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்குக் கைப்பழக்கமாக இருக்கட்டும் என்று கொடுத்த வேலை அது. ஆக, பாங் பிறந்ததே ஒரு பயிற்சிப் பாடமாகத்தான். அதில் கணினி நிரல் என்று ஒரு வரிகூட இல்லை. முழுக்க முழுக்க மின்சுற்றுகள். ஒன்றாம் இடத்துக்குப் பத்து வரை எண்ணும் ஒரு சில்லு. பத்தாம் இடத்தில் 1 வருமா வராதா என்பது மட்டுமே கேள்வி என்பதால், அதற்கு இரண்டே நிலைகளை நினைவில் வைக்கும் ஒரேயொரு ஃப்ளிப் ஃப்ளாப் சுற்று போதும். ஆட்டம் 11 புள்ளியில் முடியும். இயந்திரம் வைத்திருப்பவர் விரும்பினால் ஒரு ஸ்விட்சைத் தள்ளி 15 ஆக்கிக்கொள்ளலாம். பத்தொன்பதைத் தாண்டி எண்ணவே தேவையில்லாத ஆட்டத்துக்குத் தேவைக்கு மேல் ஒரு துளியும் இல்லாத கணக்கு. இந்தச் சிக்கனம் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இன்றைக்கு அதே வேலையைப் பைத்தானில் ஒரு பள்ளி மாணவி செய்துவிடுகிறாள். பந்து வலது ஓரத்தைத் தாண்டினால் இடப்பக்கத்து ஆளின் ஸ்கோரில் ஒன்று கூட்டு. எழுத ஒரு நிமிடம். ஓட்டிப் பார்த்தால் 1, 2, 3 என்று எண்கள் தலைதெறிக்க ஓடுகின்றன. நிரலின் சுழற்சி நொடிக்கு அறுபது தடவை ஓடுகிறது. பந்து ஓரத்துக்கு வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறது. இருக்கிறது, ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி. பந்து வெளியே போனது ஒரு நிகழ்ச்சி. வெளியே இருப்பது ஒரு நிலை. புள்ளி நிகழ்ச்சிக்குத்தான். ஸ்கோரைக் கூட்டிய கையோடு பந்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால் கணக்கு நின்றுவிடும். பெரிய பெரிய மென்பொருள்களில் ஒரே பணம் இரண்டு தடவை கழியாமல் காப்பதும் இதே அறிவுதான்.

அடுத்தது அழிப்பு. பைத்தானில் படம் வரைய உதவும் டர்ட்டிலில் 0 எழுதியிருக்கும் இடத்தில் 1 எழுதினால் பழையது போகாது. புதியது அதன் மேலேயே ஏறி உட்காரும். நாலைந்து புள்ளிக்குள் வெறும் கிறுக்கல்தான் மிஞ்சும். பழையதைத் துடைத்துவிட்டு எழுத வேண்டும் என்று புரியும்போது அதைவிட முக்கியமான ஒன்றும் புரிந்துவிடுகிறது: ஸ்கோர் வேறு, திரையில் தெரியும் ஸ்கோரின் படம் வேறு. எண் மாறியில் இருக்கிறது; திரையில் இருப்பது அதன் நிழல். ஆகவே எண்ணைக் கூட்டுவதற்கு ஓரிடம், அதைக் காட்டுவதற்கு வேறோரிடம் என்று பிரித்து எழுதுகிறவர் அந்த நிமிடத்திலிருந்து வேறு மாதிரி நிரல் எழுதத் தொடங்குகிறார்.

இடப்பக்கத்துக்கு ஒரு மாறி, வலப்பக்கத்துக்கு ஒரு மாறி என்று வைத்து, ஒரே வரிகளை இரண்டு தடவை எழுதுவது வழக்கம். நகலெடுத்து ஒட்டும்போது பெயரை மாற்ற மறந்தால், யார் தவறவிட்டாலும் ஒருவருக்கே புள்ளி சேரும். தேர்ந்த கை வேறு விதமாக எழுதும்: இரண்டு பூஜ்ஜியங்கள் கொண்ட ஒரு பட்டியல், ஆட்டக்காரர்களுக்கு 0, 1 என்று எண்கள். பந்தைத் தவறவிட்டவரின் எண்ணை ஒன்றிலிருந்து கழித்தால் வருவது புள்ளி பெறுபவரின் எண். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வரி. படித்ததும் வாய்விட்டுப் பாராட்டத் தோன்றும் வரி அது.

இந்தச் சுருக்கத்தின் உச்சத்தைப் பார்க்க டேபிள் டென்னிஸ் விதிகளை எழுதிப் பார்க்க வேண்டும். 2001இல் ஆட்டம் முடியும் புள்ளி 21இலிருந்து 11 ஆனது. ஆளுக்கு இரண்டு சர்வீஸ், 10–10க்குப் பிறகு ஆளுக்கு ஒன்று. இரண்டு புள்ளி முன்னிலை இருந்தால்தான் வெற்றி. இப்போது யாருடைய சர்வீஸ்? அதற்குத் தனி மாறி எதற்கு? இருவர் ஸ்கோரையும் கூட்டுங்கள். இருபதுக்குள் இருந்தால் இரண்டால் வகுத்து மீதியை விடுங்கள். ஈவு இரட்டைப்படை என்றால் முதலில் சர்வீஸ் போட்டவர், ஒற்றைப்படை என்றால் மற்றவர். 7–4 என்றால் கூட்டுத்தொகை 11, ஈவு 5, ஆகவே மற்றவர். இருபதும் அதற்கு மேலும் வந்தால் வகுக்கவே வேண்டாம். கூட்டுத்தொகையே இரட்டையா ஒற்றையா என்று பார்த்தால் போதும். வெற்றியும் அப்படித்தான்: பெரியது 11ஐத் தொட்டதா, வித்தியாசம் குறைந்தது இரண்டு உண்டா? முதலில் சர்வீஸ் போட்டவர் யார் என்று மட்டும் தெரிந்தால், சர்வீஸ், வெற்றி, ஆட்டம் முடிந்ததா என்பது, எல்லாம் அந்த இரண்டு எண்களிலிருந்தே வந்துவிடும். கணக்கிட்டு அறியக்கூடியதைச் சேமித்து வைக்காதே என்ற பாடத்தை இதைவிட அழகாகச் சொல்லும் இன்னொரு பயிற்சியை நான் பார்த்ததில்லை.

கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தும் மட்டையும் முடிந்த பிறகு, வகுப்பு முடியும் நேரத்தில் அவசரமாகச் சேர்க்கும் அலங்காரமாக ஸ்கோரை வைக்காதீர்கள். பந்தை வரைவதற்கு முன்பே விதிகளைப் பேசி, இரண்டு பூஜ்ஜியங்களையும் அவற்றைக் கூட்டும் வரியையும் மாணவர்களை எழுதவிடுங்கள். மற்ற வரிகள் பந்தை நகர்த்தக் கற்றுத்தரும். நிரலாக யோசிக்கக் கற்றுத்தருவது ஸ்கோர்தான்.