இரைப்பை சுருங்கிய பின்

பருத்தவர் மெலிந்த கதைக்கு ஒரு வடிவம் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நிழற்படங்கள், இடப்பக்கம் பழைய உடல், வலப்பக்கம் புதிய உடல். பழைய காற்சட்டையின் ஒரு காலுக்குள்ளேயே முழு உடலையும் நுழைத்துக்கொண்டு ஒருவர் சிரித்து நிற்பார். இரண்டு படங்களுக்கும் நடுவே நிகழ்ந்தது என்ன என்று எவரும் கேட்பதில்லை. இரண்டாம் படத்துக்குப் பின் நிகழ்ந்ததையோ கேட்க நினைப்பதும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ரோக்ஸேன் கே 2017-இல் வெளியிட்ட 'ஹங்கர்' (பசி) என்னும் தன்வரலாறு, இந்த வடிவத்தைத் தொடக்கத்திலேயே மறுக்கிறது. இது வெற்றிக் கதை அன்று, மெலிந்த உருவம் அட்டையை அலங்கரிக்காது என்று ஆசிரியர் முன்னதாகவே அறிவித்துவிடுகிறார். அட்டையில் இருப்பது ஒரு முள்கரண்டி.

1974-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமஹா நகரில், ஹெய்ட்டியிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். பன்னிரண்டாம் வயதில், தாம் நம்பிய ஒரு சிறுவனாலும் அவன் தோழர்களாலும் காட்டுக் குடில் ஒன்றில் கூட்டாக வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். வீட்டில் சொல்லவில்லை, உண்ணத் தொடங்கினார். உடல் பெருத்தால் ஆண்கள் விலகிப்போவார்கள், தம்மை மீண்டும் எவரும் தொடமாட்டார்கள் என்பது அக்குழந்தை கண்டுகொண்ட காவல். அவ்வாறு கட்டிய கோட்டையே பின்னாளில் சிறையாயிற்று. ஆறடி மூன்று அங்குல உயரமுடைய அவர், எடை மிகுந்திருந்த காலத்தில் 577 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 262 கிலோ இருந்தார்.

கத்தோலிக்க வாசகர் நின்று நிதானிக்க வேண்டிய இடம் அந்த மௌனம். பெற்றோர் கொடியவர் அல்லர். மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். எனினும் தம்மை நல்ல கத்தோலிக்கச் சிறுமியாகவே அறிந்திருந்த அக்குழந்தைக்கு, தமக்கு இழைக்கப்பட்ட தீங்கு தாமே செய்த பாவமாகத் தோன்றிற்று. குற்றத்தை அறிக்கையிடக் கற்றிருந்த குழந்தைக்குக் காயத்தைச் சொல்லும் மொழி கற்பிக்கப்படவில்லை. தலையான பாவங்கள் ஏழினுள் போசனப்பிரியத்தையும் ஒன்றாக மனனம் செய்து வளர்ந்தவர்கள் நாம். பருத்த ஒருவரைக் கண்டதும் அந்தச் சொல் நம் மனத்தில் எழுகிறது. அந்த உடல் எந்தத் துயரத்துக்கு மறுமொழியாக வளர்ந்தது என்னும் வினா எழுவதில்லை. இந்நூலை வாசித்தபின் அந்தச் சொல்லை முன்போல எளிதாக எவர்மீதும் பயன்படுத்த இயலாது.

எண்பதுக்கும் மேற்பட்ட சிறுசிறு இயல்களால் ஆனது நூல். சில இயல்கள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. சொன்னதையே மீண்டும் சொல்கிறார் என்பது இதன்மேல் வைக்கத்தக்க குறை. உண்மைதான். ஆனால் புண்ணைச் சுற்றிச் சுற்றி வருவதும், அண்மையில் சென்றதும் பின்வாங்குவதும் அந்த மனத்தின் இயல்பான நடை. நேர்கோட்டில் எழுதியிருந்தால் நூல் சீராகியிருக்கும், உண்மை குறைந்திருக்கும். அன்றாடத்தைச் சொல்லும் இயல்களே இதன் உச்சம். கைப்பிடியுள்ள நாற்காலிகள் தொடையில் கன்றலை உண்டாக்குகின்றன. விமானத்தில் இரண்டு இருக்கைகளுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் மேடைக்குப் படி இல்லை. ஏறுவதற்குப் பட்ட பாட்டை அரங்கம் முழுவதும் பார்த்திருக்கிறது. ஏறி அமர்ந்ததும் சிறிய மர நாற்காலி விரிசலிடும் ஓசை கேட்கிறது. பிறகு நிகழ்ச்சி முடியும் வரை, உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுமாறு, எடையைத் தம் தொடைகளிலேயே தாங்கிக் குந்தியிருக்கிறார். அவ்வேளையில் அவர் இலக்கியம் குறித்தும் பேசிக்கொண்டிருந்திருப்பார் என்பதை எண்ணும்போது உள்ளம் கலங்குகிறது.

அறுவைச் சிகிச்சை நூலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. தந்தையோடு ஃபுளோரிடாவில் உள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்று, இரைப்பை மாற்றுவழி அறுவை பற்றிய அறிமுக வகுப்பில் அமர்கிறார். கட்டணம் 25,000 டாலர். சிறு தள்ளுபடியும் உண்டு. மகிழ்ச்சிக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருப்பதை ஆசிரியர் கசப்போடு குறிக்கிறார். அன்று அவர் அதனை ஏற்கவில்லை. நூல் வெளிவந்த மறு ஆண்டு, 2018 சனவரியில், அறுவைக்கு உடன்பட்டார். அது முன்னர்க் கண்ட அறுவை அன்று. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதை ஒரு குழலாக அமைக்கும் 'ஸ்லீவ்' முறை. ஏறத்தாழ எண்பது விழுக்காடு இரைப்பை நீங்கிவிடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரின் ஊற்றும் பெருமளவு அப்பகுதியோடு போய்விடுகிறது. 'பசி' என்று நூலுக்குப் பெயரிட்டவர், பசி ஊறும் இடத்தையே வெட்டியெடுக்க இசைந்தார்.

அதை ஏப்ரல் மாதம் 'வாட் ஃபுல்னஸ் இஸ்' (நிறைவு என்பது) என்னும் கட்டுரையில் வெளிப்படுத்தினார். தம் முயற்சியால் திரட்டிய தொகுப்பு வரிசை ஒன்றில், அடங்காத உடல்களில் வாழ்வது பற்றிப் பல எழுத்தாளர்கள் எழுதினர். அவற்றுடன் இதுவும் வந்தது. நூலைக் காட்டிலும் இக்கட்டுரையையே நான் உயர்வாக மதிக்கிறேன். பருத்த உடலையும் மதிக்க வேண்டும் என்று போராடுவோர் தம்மைத் துரோகியாகக் கருதுவார்களோ என்னும் அச்சத்தை அவர் மறைக்கவில்லை. பிறருடைய கொடுமையைத் தாங்கித் தாங்கிச் சோர்ந்துபோனதும் இம்முடிவுக்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறார். அதனினும் முக்கியமானது: இத்தனை ஆண்டுகள் துயரத்தை மூடிவந்த உணவு இப்போது இல்லை, எனவே துயரம் மூடியின்றி நிற்கிறது. மருத்துவர் இரைப்பையைச் சிறிதாக்கினார். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் நினைவு அப்படியே இருக்கிறது.

இங்கே புனித அகுஸ்தினாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 397-ஆம் ஆண்டளவில் அவர் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றின் முதல் ஒன்பது பாகங்கள், பழைய வாழ்வையும் மனமாற்றத்தையும் கூறித் தாயார் மோனிக்காவின் இறப்போடு முடிகின்றன. அங்கே நிறுத்தியிருந்தால் அதுவும் இரண்டு நிழற்படங்களின் கதையாகவே இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. பத்தாம் பாகத்தில், திருமுழுக்குப் பெற்று ஆயராகவும் ஆகிவிட்ட அவர், எழுதும் நாளில் தாம் எப்படி இருக்கிறார் என்று சொல்ல முற்படுகிறார். உணவும் மதுவும் தரும் இன்பத்தோடு அன்றாடம் போராடுவதை அங்கே மறைக்காமல் எழுதுகிறார். உணவை மருந்துபோல உட்கொள்ள வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். ஆனால் உடல்நலத்துக்குரிய அளவு எங்கே முடிகிறது, இன்பம் எங்கே தொடங்குகிறது என்று தமக்கே தெளிவில்லை என்கிறார். கேயின் கட்டுரை அவருடைய பத்தாம் பாகம். அவர் இன்று நம் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்பவர் அல்லர். ஆயினும் 'பின்' என்பதை நேர்மையாக எழுதும் துணிவில் இருவரும் ஓரினம்.

இத்துணிவு இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்து 2007-இல் வெளியான பேராய்வு ஒன்று, இரைப்பை அறுவை செய்துகொண்டோரையும் அதே அளவு பருமன் இருந்தும் செய்துகொள்ளாதோரையும் சராசரி ஏழாண்டுகள் பின்தொடர்ந்தது. செய்துகொண்டோரிடையே மொத்த இறப்பு 40 விழுக்காடு குறைந்திருந்தது. இச்சிகிச்சையை வீண் அலங்காரம் என்று ஏளனம் செய்வோர் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். அதே ஆய்வில், விபத்து, தற்கொலை போன்று நோயல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்புகள் 58 விழுக்காடு மிகுந்திருந்தன. இன்னோர் ஆய்வு (2012), அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் மதுப்பழக்கச் சிக்கல் கூடுவதைக் கண்டது. உடல் தேறிவரும் வேளையில் உள்ளம் தனித்து விடப்படுகிறது.

அந்தத் தனிமையை இவ்வெழுத்துகள் போதிய அளவு காணவில்லை என்பதே என் குறை. மேலைநாடுகளில் அறுவை மையங்கள் பலவும், சிகிச்சை பெற்றவர்கள் மாதந்தோறும் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களை நடத்துகின்றன. அங்கே பேசப்படுபவை கேட்பதற்கு மிகச் சிறியவை. புரதத்தை முதலில் உண்பது, மிடறு மிடறாக நீர் பருகுவது, இனிப்பு உண்டதும் வரும் படபடப்பும் வியர்வையும், எடை போனபின் தொங்கும் தோல். பிறகு மெல்ல வேறு பேச்சுகள் வருகின்றன. கடையில் இன்னும் பழைய அளவு ஆடையையே கை தேடுகிறது. கண்ணாடியில் தெரிவது பழைய உடல்தான். முன்பு முகம் திருப்பிச் சென்றவர்கள் இன்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்த அன்பு மகிழ்ச்சியைத் தருவதற்கு மாறாகச் சினத்தை மூட்டுகிறது, ஏனெனில் அன்றும் உள்ளே இருந்தவர் இவரே. இந்தச் சினத்தைக் குடும்பத்தாரிடம் சொன்னால் நன்றிகெட்டதனம் என்பார்கள். அதே வழியில் நடந்துவந்த ஒருவர் தலையசைப்பார். ஜென் லார்சன் என்னும் மற்றோர் அமெரிக்கர் 2013-இல் எழுதிய 'ஸ்ட்ரேஞ்சர் ஹியர்' இதே அனுபவத்தின் நூல். விரும்பிய உடல் கிடைத்தபின்னும் வாழ்வின் சிக்கல்கள் அகலாமல், தமக்கே அந்நியராகிப்போனதைச் சொல்கிறது. எழுத்தாற்றலில் கேயின் நூலுக்கு ஈடாகாது.

கேயின் எழுத்தில் காதலர் உண்டு, பெற்றோர் உண்டு, உடன்பிறந்தோர் உண்டு, வெறுப்பை உமிழும் அந்நியரும் உண்டு. தம்மைப் போன்ற உடலில் வாழும் ஒருவர், நண்பராக முழு உருவம் பெற்று என் வாசிப்பில் எங்கும் எதிர்ப்படவில்லை. தம் கதையைத் தம் கதையாக மட்டுமே எழுதுகிறேன் என்பது அவருடைய நேர்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பன்னிரண்டு வயதில் தொடங்கிய மௌனத்தை இலட்சக்கணக்கான வாசகர் முன் உடைத்தவர், எதிரே அமர்ந்து கேட்கும் ஒருவர் முன் உடைக்கும் காட்சி எவ்வளவு அரிதாக வருகிறது என்பது வியப்பளிக்கிறது. நூல் ஒன்றை எழுதுவது, ஒருவர் முகம் பார்த்துச் சொல்வதைவிட எளிதாக இருந்திருக்கலாம்.

ஃபுளோரிடாவின் அந்த அறிமுக வகுப்பில் வேறு சிலரும் அமர்ந்திருந்தார்கள். நூலின் முதற்பக்கங்களில் ஒரு கணம் தோன்றி மறைகிறார்கள். அவர்களில் யார் யார் அறுவைக்கு உடன்பட்டார்கள், இப்போது கண்ணாடியில் யாரைக் காண்கிறார்கள், அதை யாரிடம் சொல்கிறார்கள் என்று அறிய விரும்பி நூலை இரண்டாம் முறை புரட்டினேன். அவர்கள் திரும்பி வரவில்லை.