கண்டவர் பெயர் எங்கே?

சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலம் தன் 5,000-ஆவது வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக 2024 மார்ச்சில் செய்தி வந்தது. விண்கலம் படம் பிடித்தது, அவ்வளவுதான். பொதுவில் வைக்கப்பட்ட அந்தப் படங்களைப் பல நாட்டு ஆர்வலர்கள் சம்பளமின்றித் துழாவினார்கள். ஐயாயிரத்தில் பெரும்பாலானவை அவர்கள் கண்ணில் சிக்கியவை. பெயர் மட்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒன்றே: சோஹோ.

இம்முறையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே படத்தைப் பலர் பார்க்கும்போது முந்தியவர் யார் என்ற சச்சரவு எழாது. பெரும்பாலானவை சூரியனை நெருங்கியதும் அழிந்துபோகும் சிறு துண்டுகள்தான்; கண்டவர் பெயர் பட்டியலிலும் ஏறிவிடுகிறது.

ஆனால் ஸ்வான் விஷயத்தில் இந்தச் சமாதானம் எடுபடாது. சோஹோவில் உள்ள அந்தக் கருவி, வானமெங்கும் ஹைட்ரஜனிலிருந்து வரும் புற ஊதா ஒளியைப் பதிவுசெய்கிறது. வால்நட்சத்திரம் தேடுவது அதன் வேலையே அல்ல. மங்கலான அந்தப் படத்தில் விண்மீனும் புள்ளி, வால்நட்சத்திரமும் புள்ளி. அடுத்தடுத்த நாட்களின் படங்களை ஒப்பிட்டு, நகரும் புள்ளி எது, அது ஏற்கெனவே தெரிந்ததா என்று ஒருவர் பொறுமையாகச் சரிபார்த்தால்தான் புதியது அகப்படும். 2020 ஏப்ரலில் அப்படிக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் மட்டியாஸோ. 2025 செப்டம்பரில் உக்ரைனின் விளாடிமிர் பெஸுக்லி. இரண்டு வால்நட்சத்திரங்களுக்கும் பெயர் ஸ்வான்.

படம் கருவியுடையது, ஆகவே பெயரும் கருவிக்கே என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஜப்பானின் ஹிடியோ நிஷிமுரா கடையில் கிடைக்கும் கேனான் கேமராவில் ஒன்றைப் பிடித்தார். அது நிஷிமுரா வால்நட்சத்திரம், கேனான் அல்ல. 1949-இல் மாணவர் வைணு பாப்பு ஹார்வர்டு வானாய்வகத்தின் புகைப்படத் தகட்டில் கண்ட வால்நட்சத்திரமும் பாப்பு-போக்-நியூகிர்க் ஆயிற்றே தவிர, ஹார்வர்டு ஆகவில்லை. அட்லாஸ் போன்ற தேடல் திட்டங்களில் மென்பொருளே நகரும் புள்ளியைப் பொறுக்கித் தருகிறது. அங்கே திட்டத்தின் பெயர் பொருந்தும். ஸ்வானில் பொறுக்கியது மனிதக் கண். அந்தக் கண்ணுக்குரியவரை விட்டுவிட்டுக் கருவியைப் போற்றுவது பறிப்பே.

புது விதிகூட வேண்டாம். 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோளும், ஜப்பானின் அராகியும், வீட்டு ஜன்னல் கண்ணாடி வழியே பைனாகுலரில் பார்த்த இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆல்காக்கும் தனித்தனியே கண்ட வால்நட்சத்திரத்துக்கு ஐராஸ்-அராகி-ஆல்காக் என்றே பெயர். கருவியும் மனிதரும் ஒரே பெயரில் அன்றே இடம்பிடித்தார்கள். ஸ்வான்-மட்டியாஸோ, ஸ்வான்-பெஸுக்லி என்று எழுத, பெயர்களை முடிவுசெய்யும் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு இன்னும் என்ன தடை?