உயரம் தராததை நெருக்கம் தரும்

ரோலர் கோஸ்டரை உயரத்தால் அளப்பதே வழக்கம். அமெரிக்காவின் கிங்டா கா 139 மீட்டர் எழுந்து நின்றது. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில், யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில் உள்ள பேட்டில்ஸ்டார் கேலக்டிகா சுமார் 42 மீட்டர்தான். ஆனால் அதன் தொழில்நுட்பம் உயரத்தை நம்பவில்லை. அதற்கு இரண்டு தடங்கள். சிவப்புத் தடத்தில் சாதாரணமாக உட்கார்ந்து போகிறோம். நீலத் தடத்தில் தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. இரண்டையும் பிணைத்து, மோதிவிடும் என்று வயிறு நம்பும் இடத்தில் விலக்கிவிடுகிறார்கள். இடம் சுருங்கிய தீவுக்கு இதைவிடப் பொருத்தமான தந்திரம் இல்லை: மலையளவு இரும்பு தர வேண்டிய பயத்தை எதிரே வருபவரின் கால்களே தந்துவிடுகின்றன.

அடிக்கடி மூடிக் கிடந்ததைப் போய்ப் புகழ்வதா என்று கேட்கலாம். 2010 மார்ச்சில் திறந்த சில நாட்களிலேயே நின்றது. 2013இல் மறுபடி நின்று 2015இல்தான் திரும்பியது. திரும்பியபோது வரிசைக்கு நான்காக இருந்த இருக்கைகள் இரண்டாகியிருந்தன. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஓடுவதை நிறுத்தித் திருத்தும் பொறுமையும் இந்தக் கலையின் பகுதிதான். 2025இல் அதே பூங்காவில் மினியன் லேண்ட் என்ற பகுதி திறந்தது. ஆனால் அதில் பெரிய ரோலர் கோஸ்டர் எதுவும் இல்லை. பதைபதைப்புக்கு இன்னும் அந்தச் சிவப்பு, நீலத் தடங்களிடம்தான் போக வேண்டும்.