'பெண்கள் உட்பட': பட்டாசு விபத்துச் செய்திகளை வாசித்தல்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து வரும் பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் ஊர், பிறகு தரைமட்டமான அறைகளின் எண்ணிக்கை, பிறகு 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக', அதன்பின் 'பெண்கள் உட்பட இத்தனை பேர் பலி'. கடைசி வரியில் நிவாரணத் தொகை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம், 2024 மே 9இல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி. ஊரையும் எண்ணையும் மாற்றினால் ஒரே செய்தியை எல்லா ஆண்டுகளுக்கும் அச்சிடலாம். ஓர் இலக்கியப் பிரதியை வாசிக்கிற கவனத்தோடு இந்தச் செய்தியையும் நாம் வாசிக்க வேண்டும். ஏனென்றால் யார் பொறுப்பு, யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் இந்த வாக்கியங்களுக்குள்ளேயே பாதி முடிந்துவிடுகின்றன.

'உட்பட' என்ற சொல், முதன்மையான ஒரு கூட்டம் இருக்கிறது, அதற்குள் இவர்களும் அடங்குவர் என்று சொல்கிறது. பட்டாசுத் தொழிலில் பெண்கள் அப்படி அடங்குகிறவர்கள் அல்லர். குழல் சுருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடைப்பது என்று ஆலையின் பெரும்பகுதி வேலை அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2020 செப்டம்பரில் காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடியில் நாட்டுவெடி தயாரிக்கும் இடம் வெடித்தபோது, அன்றே இறந்த ஏழு பேரும் பெண்கள். உரிமையாளரும் அவர்களில் ஒருவர். 'ஆண்கள் உட்பட' என்று எந்த விபத்துச் செய்தியும் எழுதி நான் படித்ததில்லை.

இந்தச் சொல் தவறான படத்தைத் தருவதோடு நிற்பதில்லை, ஒரு கூலிக் கணக்கையும் மறைக்கிறது. மருந்து கலப்பதும் செலுத்துவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலை. ஆபத்தான வேலை என்பதால் கூலி அதிகம். பின்னுவதும் ஒட்டுவதும் பெண்களின் வேலை. 'உட்கார்ந்து செய்கிற வேலைதானே' என்று கூலி குறைவு, அதுவும் எண்ணிக்கைக்குத் தக்கபடி. ஆனால் ஓர் அறையில் பற்றுகிற தீ அடுத்த அறைக்குப் போகும்போது, அங்கே இருப்பவர் எந்த வேலைக்கு எவ்வளவு கூலி வாங்குகிறவர் என்று பார்ப்பதில்லை. நான்கு பேருக்கு அனுமதியுள்ள அறையில் அதற்கு மேல் ஆட்களை உட்காரவைத்து, இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடத்தினால், எல்லாருக்கும் ஆபத்து ஒன்றுதான். கூலி மட்டும் ஒன்றில்லை. பெண்ணின் விரல்கள் நேர்த்தியானவை, பொறுமை அவளுக்கு இயல்பு என்ற பாராட்டு இந்த வேறுபாட்டை நியாயப்படுத்தவே சொல்லப்படுகிறது.

அடுத்து 'உராய்வு ஏற்பட்டது'. இலக்கணப்படி இது தன்வினை. செய்தவர் இல்லாமலே நடந்து முடிகிற வினை. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறும் என்பதும், முந்தைய நாள் மிஞ்சியதை வைத்திருப்பது ஆபத்து என்பதும் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் மிஞ்சுகிறது? உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் கொடுத்த பணத்தைச் சீக்கிரம் எடுக்கப் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு முன் சரக்கு போயாக வேண்டும். எண்ணிக்கைக் கூலியில் வேகம்தான் சோறு. இத்தனை பேரின் முடிவுகள் சேர்ந்து நடத்திய ஒன்றை 'ஏற்பட்டது' என்று எழுதும்போது, மிச்சமாகிற ஒரே குற்றவாளி கையை அசைத்த தொழிலாளிதான். அவரும் இறந்திருப்பார். 'பலி' என்ற சொல்லோ இன்னும் மோசம். பலி என்பது தெய்வத்துக்குக் கொடுப்பது. இந்த மரணங்களை யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்று அந்தச் சொல்லே நம்மைக் கேட்கவைத்திருக்க வேண்டும். தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்கும் சொல்லாகத்தான் அது மிஞ்சியிருக்கிறது.

இலக்கியம் இந்த இடத்துக்குப் போகாமல் இல்லை. களத்துக்குப் போய் மக்களிடம் கேட்டு எழுதிய ராஜம் கிருஷ்ணன், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகளைக் 'கூட்டுக் குஞ்சுக'ளில் எழுதினார். 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் வந்தது. இரண்டும் முக்கியமானவை. ஆனால் இரண்டிலும் நம் இரக்கத்தைத் தொட்டது குழந்தை. அதற்கு விருப்பம் என்று ஒன்று இருக்க முடியாது என்று நாம் ஒப்புக்கொண்டதால் அந்த இரக்கம் எளிதாக வந்தது. குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு அந்த அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களின் தாய்மார்கள். அவர்களை 'விரும்பித்தானே வருகிறார்கள்' என்று கடந்துவிடுகிறோம். வானம் பார்த்த பூமியில், முன்பணம் வாங்கிய பெண்ணின் விருப்பம் எப்படிப்பட்டது என்பது இன்னும் எழுதப்பட வேண்டிய நாவல். 2000க்குப் பின் பெண் உடலைப் பற்றித் தமிழில் நடந்த விவாதம் காமத்தையும் தணிக்கையையும் துணிவாகப் பேசியது. கூலிக்கு உட்கார்ந்து கருகிய உடல் அந்த விவாதத்தின் ஓரத்தில்தான் நின்றது.

இது சொல் ஆராய்ச்சி மட்டும்தானா என்று கேட்பவர்கள் இழப்பீட்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கினால் வந்ததே இழப்பீடு. குறைந்தபட்சத் தொகை அதில் 1,20,000 ரூபாயாக இருந்தது. இஎஸ்ஐயில் பதிவு இருந்தால் கிடைக்கும் சார்ந்தோர் உதவித்தொகையும் கூலியின் விகிதம்தான். உயிரோடு இருந்தபோது 'ஆபத்தில்லாத வேலை' என்று குறைத்த கூலி, அவள் அந்த வேலையிலேயே இறந்த பிறகும் குறைந்த விலையாகத் தொடர்கிறது. உள்குத்தகை அறையில் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், அவள் அங்கே வேலை பார்த்தாள் என்பதையே குடும்பம் நிரூபிக்க வேண்டும். அரசு அறிவிக்கும் நிவாரணம் உடனடியாக உதவுகிறது. ஆனால் அது கருணைத் தொகை. உரிமைத் தொகையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்போது பொறுப்பு என்ற பேச்சே முடிந்துவிடுகிறது.

அடுத்த செய்தியை எழுதப் போகிறவர் ஐந்து விவரங்களைச் சேர்க்கட்டும். உரிமம் யார் பெயரில், அறையை நடத்தியவர் யார், அனுமதி எத்தனை பேருக்கு, இருந்தது எத்தனை பேர், இறந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன வேலைக்கு என்ன கூலி வாங்கினார்கள். இவற்றை எழுதினால் 'உட்பட' என்ற சொல்லுக்குத் தேவை இருக்காது.