நைனாவின் மொழியும் ரவியின் மொழியும்

காலஞ்சென்ற கே. எஸ். மணியம் (1942–2020) ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவல் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதை நிகழும் இடம் கெடா மாநிலத்துப் பீடோங். ஆயினும் ஈயத்தாலும் ரப்பராலும் வளர்ந்த கோப்பெங் வட்டாரத்துத் தமிழர் அதனைத் தம் ஊர்க் கதையாகவே படிக்கக்கூடும். உழைத்த மண்ணில் ஒரு சாண் நிலத்திற்கும் பத்திரம் காணாத குடும்பங்கள் எந்தத் தோட்டப்புறத்தில் இல்லை?

துணி வெளுக்கும் தொழிலாளியின் மகன் ரவி. தமிழ்ப் பள்ளியை விட்டு ஆங்கிலப் பள்ளி புகுந்து, இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்புகிறான். குடும்பமும் ஊரும் இட்ட தளைகளை அறுத்துத் தனிமனிதன் தன்னைக் கண்டடையும் கதை இது என்று கொள்வது எளிது. நவீனத்துவ நாவலாசிரியர்கள் வகுத்த வழியும் அதுவே. 1916இல் நூலாக வந்த ஜேம்ஸ் ஜாய்சின் நாவலில் ஸ்டீபன் டெடலஸ் அயர்லாந்தை விட்டுப் புறப்படுவதோடு கதை முடிகிறது. பிறந்த மண்ணைத் துறப்பதே அங்கே கலைஞனுக்குரிய தகுதி.

மணியம் அந்த வழியில் சென்று, அதனையே கேள்விக்குள்ளாக்குகிறார் எனலாம். அவருடைய நாயகன் திரும்பி வருகிறான். வந்த இடத்தில் தந்தையோடு பேச அவனிடம் மொழி இல்லை. பாட்டி பெரியதாய் குடியிருந்த வீட்டுக்கு உரிமை பெறாமலே மாண்டவள். அந்த ஏக்கம் தந்தை நைனாவைப் பிடித்துக்கொள்கிறது. ஆற்றோரத்தில் ஒரு வீடு கட்டுகிறார். தமிழும் மலாயும் சீனமும் கலந்த ஏதோ ஒரு மொழியில் ஓதுகிறார். அதைக் கேட்டு மகன் கூசுகிறான்.

இந்தக் கூச்சத்தை விமர்சகர்கள் லேசாகக் கடந்துவிடலாகாது. பழைய சொற்களை உடைத்துப் புதுமொழி காண்பதல்லவா நவீனத்துவத்தின் பெருமை? அப்படிப்பட்ட மொழி இந்த நாவலில் பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் அது படித்த மகனின் வாயில் பிறக்கவில்லை. பித்தேறிய தந்தையின் வாயில் பிறக்கிறது. கதை சொல்லும் ரவியின் நடையோ, பெட்டி போட்ட சட்டைபோல் மடிப்புக் குலையாத ஆங்கிலம். பிறர் துணிக்குப் பெட்டி போட்ட தந்தையின் உழைப்பில் வந்தது அது! காலூன்ற நிலம் இல்லாதவனிடம் புதுமொழி கலையாவதில்லை. பைத்தியம் என்றே ஊர் அதனைக் கொள்கிறது. நாடு துறந்து சிறகு விரிக்கும் கலைஞனைப் போற்றும் இலக்கியம், நைனாக்களைக் கணக்கில் எடுத்ததில்லை.

நைனா அந்த வீட்டோடு தீயில் மடிகிறார். தந்தைக்குப் படைத்த ஒரு கவிதையோடு நாவல் முடிகிறது. சொற்கள் பயன்படா என்பதே அக்கவிதையின் துயரம். அதனையும் ஆங்கிலத்தில்தான் எழுத முடிகிறது.